சந்தேகம் போக மீதி

முத்தாலங்குளத்தில் பிறவிப்பெருமாள் சார் முதன்முதலாகச் சந்தேகப்பட்டது தம் வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை மரத்தை. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ‘இது இருக்கிறது என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்?’ என்று அவர் நினைத்தார், மரம் இல்லாமல் போனது, மரத்தோடு அதில் அப்பியிருந்த கம்பளிப்பூச்சிகளும், பிஞ்சும் காயும், கொம்பில் உலர்ந்துகொண்டிருந்த ஒரு தலையணை உறையும் போயின, மரம் நின்ற இடத்தில் வேரும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் மண் சமனாகக் கிடந்தது, கீரை பறிக்கத் துரட்டியோடு வந்த அவர் மனைவி செண்பகவல்லி அந்த மண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், “கீரைய ஆய்ஞ்ச பெறகு சந்தேகப்பட்டிருக்கப்படாதா?” என்று கேட்டுவிட்டு ரசம் வைக்கப் போனாள்.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு முந்திய வாரம் ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிற மெஷின் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குப் போட்டுப் போட்டுச் சாக்பீஸ் தின்ற விரல்கள், ரேகை என்று சொல்ல அவற்றில் மிச்சமில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டு விரல் என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். கடையில் இருந்த பெண் அவரிடமே படித்தவள்தான். “சார், இது நீங்க இல்லைன்னு காட்டுது” என்றாள். “ஏட்டி, நான்தான்னு உனக்குத் தெரியும்லா?” என்றார். “எனக்குத் தெரியும் சார். மெஷினுக்குத் தெரியணும்லா” என்றாள். வேறு யாராக இருந்தாலும் மெஷினைத் திட்டிவிட்டு மறுநாள் போயிருப்பார்கள். படித்த மனுஷர் இல்லையா, மெஷின் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வெறும் பையோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்தான்.

“ஒவ்வொண்ணா சந்தேகப்படப் போறேன் செம்பகம்” என்று மனைவியிடம் சொன்னார். “சந்தேகத்துக்குத் தாக்குப்பிடிச்சு எது நிக்கோ அதுதான் நெசம். அந்த நெசத்து மேல ஏறி நின்னுக்கிட்டு நான் யாருன்னு கண்டுபிடிச்சிருவேன்.”

“கண்டுபிடிச்சி?”

“கண்டுபிடிச்சி என்ன கண்டுபிடிச்சி. உறுதியாத் தெரிஞ்சிரும்லா.”

“தெரிஞ்சிட்டா ரேஷன்ல அரிசி போட்டிருவாங்களா?”

கடைசி பெஞ்சுப் பையனைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். செண்பகவல்லிக்கு அந்தப் பார்வை பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த வகுப்பில்தான் பெயிலாகிக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நாள்காட்டி போனது, சுவர்க் கடிகாரம் போனது, அவர் பணி ஓய்வு பெற்றபோது சக ஆசிரியர்கள் கொடுத்த குத்துவிளக்கு போனது, கல்யாண ஆல்பம் போனது, ஒரு நெடுந்தொடரில் கெட்டவள் பிடிபடப்போகிற கட்டத்தில் டி.வி. போனது, செண்பகவல்லி அழுதாள். அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு சட்டம் போட்டாள்: சமையற்கட்டுக்குள் சந்தேகத்தோடு வரக்கூடாது. அவரும் ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவருக்குக் காப்பி நேரத்துக்கு வரும் என்பதில் மட்டும் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

ஊர் என்ன சொல்லும் என்று அவள் பயந்தாள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு இசக்கியம்மா ஒருநாள் காலையில் வந்து, முந்தானையைத் திருகிக்கொண்டு, “எக்கா, சாரு சும்மாதான இருக்காவ, தெருமுக்குல கெடக்க குப்பைமேட்டைக் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்லேன், நாத்தம் தாங்கல” என்றாள். அவர் போய்ச் சந்தேகப்பட்டார். குப்பைமேடு போனது. ஊராட்சி அன்றே அந்த இடத்தில் ‘எங்கள் முயற்சியால் தூய்மை’ என்று பலகை வைத்தது. மறுநாள் வாசலில் வரிசை நின்றது. ஒருவர் சிறுநீரகக் கல்லோடு வந்தார், ஒருவர் தம் கடைக்குள் பாதி வந்துவிட்ட தம்பி வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னார், ஒரு தாய் மகனுக்கு வந்திருந்த காதலைச் சந்தேகப்படச் சொன்னாள், ஒருத்தி குறட்டையை, ஒருத்தி மருவை, கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒலிபெருக்கியை. முன்னாள் கவுன்சிலர் பழத்தட்டோடு வந்து எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் பெயரைக் காதோடு காதாகச் சொன்னார். “மனுஷங்க கடைசிலதான்” என்று சார் கையைக் காட்டிவிட்டார். அந்தச் சொல் ஊரில் பரவியதிலிருந்து எல்லோரும் அவருக்குக் கூடுதலாக ஒரு கும்பிடு போட்டார்கள். செண்பகவல்லிக்கும் இதில் பங்குண்டு, மறைக்க என்ன இருக்கிறது. அவளுடைய முட்டுவலியை அவர் சந்தேகப்பட்ட பிற்பாடு, மலைக்கோயில் படியில் அவள் கன்றுக்குட்டிபோல ஏறினாள், வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள்.

கோயில் பூசாரிதான் பயந்து போயிருந்தார். சார் முத்தாலம்மன் சன்னிதிப் பக்கம் நடந்தாலே நடையைச் சாத்தினார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய், ஒரு கண்ணைச் சுருக்கி, சார் அம்மனையே சந்தேகப்பட்டுவிட்டார். அம்மன் அப்படியே இருந்தாள், மூக்குத்தி கூட ஆடவில்லை. ஊர் வெடி போட்டது. சார் மட்டும் வெளியே வந்து, “போகலைன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, அவ நெசம். இன்னொண்ணு, இல்லாதது எப்படிப் போகும்?” என்றார். வெடி போட்டவர்கள் பாதிப் பேர் முகம் சுருங்கி வீட்டுக்குப் போனார்கள். செண்பகவல்லி அன்று கூடுதலாக ஒரு விளக்குப் போட்டாள். பரீட்சை முடிவு வருகிற காலையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இந்த ஊரே தன்னைச் சந்தேகப்படுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகினவள் முத்தாலம்மன். இந்த மனுஷருடைய ஒற்றைக் கண் அவளை என்ன செய்யும்.

அப்படி இருக்கும்போதுதான் மகள் உலகம்மைக்குக் கல்யாணம் குதிர்ந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பெண், வருகிற இடத்தையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவள், சங்கரன்கோவில் பையன் ஒருவனைப் பார்த்துச் சரி என்றாள், ஆவணியில் முகூர்த்தம். செண்பகவல்லி சந்தோஷப்படவும் செய்தாள், பயப்படவும் செய்தாள். ஏனென்றால் சாருக்கு வீட்டில் சந்தேகப்படப் பொருள்கள் தீர்ந்துவிட்டன. மனுஷங்க கடைசியில் என்றார். அந்தக் கடைசி வந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் அவள் கேட்டே விட்டாள். “இந்தாங்க, என்னைய எப்ப சந்தேகப்படப் போறீங்க? சொல்லிட்டீங்கன்னா மாவையாவது அரைச்சு வச்சிருவேன்.”

“உன்னைய வேண்டாம்னு வச்சிருக்கேன்.”

“ஏன்?”

“நீ போயிட்டா, நான் கண்டுபிடிக்கதை யாருகிட்ட சொல்ல?”

அன்பு என்று எடுத்துக்கொள்வதா, இல்லை கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் அன்று அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுட்டாள்.

மறுநாள் காலை, காப்பி ஆறுவதற்குள், பிறவிப்பெருமாள் சார் தம்மைச் சந்தேகப்பட்டார். கால் விரல்களில் ஆரம்பித்து மேலே வந்தார். பாதம் போனது, வேட்டி தொய்ந்தது, சட்டை நாற்காலியில் மடிந்தது, கண்ணாடி மடியில் விழுந்தது, மடியும் போனதால் தரையில் விழுந்தது. தம் வயதைச் சந்தேகப்பட்டார், பெயரைச் சந்தேகப்பட்டார், நினைவில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துச் சந்தேகப்பட்டார், எல்லாம் போனது, எல்லாம் போன பிறகு வெறும் நாற்காலியிலிருந்து ஒரு குரல், நூற்றுக்கு நூறு வாங்கின பையனைப்போலக் கத்தியது: “நான் இருக்கேன்! சந்தேகப்படுததுக்கு ஒருத்தன் இருந்துதான ஆகணும்! நான் இருக்கேன்!”

செண்பகவல்லி காப்பித் தம்ளரோடு நின்றாள். “குடிக்கிறீங்களா?” என்றாள்.

“எது?” என்றது குரல். அதற்குக் காப்பியும் தெரியவில்லை, கேட்கிறவள் யார் என்றும் தெரியவில்லை. யாரிடம் சொல்வதற்காக அவளை மிச்சம் வைத்தாரோ அந்த ஏற்பாட்டையும் நினைவுகளோடு சேர்த்துச் சந்தேகப்பட்டுவிட்டார் போலிருக்கிறது. தம்ளரைக் கவிழ்க்க மனமில்லாமல் அவளே குடித்தாள்.

ஊரார் மாலையோடு வந்தார்கள், மாலையை நாற்காலிக்குப் போட்டார்கள். தலைமையாசிரியராக இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உறுதியான உண்மை ஒண்ணைக் கண்டுபிடிச்சிட்டதாகக் கேள்விப்பட்டோம். என்னது அது?” என்று கேட்டார்.

“நான் இருக்கேன்” என்றது குரல்.

பின்னால் நின்ற பால்காரர், “அது எங்களுக்கு முன்னமேயே தெரியுமே சார்” என்றார்.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “அம்மா, அப்பா இருக்காங்களா?”

“இருக்காக தாயி. அதை மட்டும்தான் சொல்லுதாக.”

முத்தாலங்குளத்து மக்கள் தங்கமானவர்கள். மரம் போனதை ஏற்றுக்கொண்டார்கள், கல் கரைந்ததை ஏற்றுக்கொண்டார்கள், நாற்காலியில் குரல் மட்டும் உட்கார்ந்திருப்பதையும் ஏற்றுக்கொண்டு, அந்த வழியாகப் போகும்போது “என்ன சார், இருக்கீங்களா?” என்று விசாரித்தார்கள், “இருக்கேன்” என்று அது சந்தோஷமாகச் சொல்லும், அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள். அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்றுதான்: செண்பகவல்லி நெற்றியில் குங்குமம் வைத்திருப்பது.

பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். உடம்பு இல்லாதவருடைய பெண்டாட்டி சுமங்கலியா இல்லையா? குரல் இருக்கிறதே என்றாள் ஒருத்தி. குரலுக்கா கழுத்தை நீட்டினாள், ஆளுக்குத்தானே என்றாள் இன்னொருத்தி. இசக்கியம்மா கண்ணில் நீர் முட்ட வந்து, “எக்கா, நான் உன் பக்கம்தான். பொட்டு வச்சிக்கோ. பூ மட்டும் கொஞ்சம் யோசிச்சு வையி” என்றாள். குப்பைமேட்டைத் தூக்க வைத்த நன்றிக்கு அவளால் ஆனது அவ்வளவு.

கடைசியில் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெண்ணைத் தாரை வார்க்கும்போது அப்பா இரண்டு கையையும் ஏந்தி, மகள் கையை வாங்கி மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும், அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும், அதுதான் கொடுத்ததற்கு அடையாளம். குரலால் கையை ஏந்த முடியாது. “தப்பா நினைக்காதீங்க. பொண்ணுக்குச் சித்தப்பா சித்தி இருக்காவள்லா, அவுக ரெண்டு பேரும் நின்னு வார்க்கட்டும். நீங்க பந்தி கவனிங்க” என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு செண்பகவல்லி பூஜை அறையில் போய் உட்கார்ந்தாள். பெற்றவள் பந்தியில் சாம்பார் போதுமா என்று கேட்டுக்கொண்டிருக்க, வேறு ஒருத்தி செம்பைப் பிடித்து நிற்பாள். ‘முத்தாலம்மா, அவருக்கு அவரு வேணும்னு போனாரு, எடுத்துக்கிட்டாரு. எனக்கு எம்மக கல்யாணத்துல ஒரு செம்புத் தண்ணி வார்க்கணும். அது பெரிய ஆசையா?’ என்று கேட்டாள். அம்மன் வழக்கம்போல யோசித்துச் சொல்கிறேன் என்கிற முகத்தோடு இருந்தாள்.

சாருடைய அக்கா பேராச்சி, வள்ளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். வந்தவள் தண்ணீர் கூடக் குடிக்காமல் நாற்காலிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏலே பெருமாளு, நீ யாருன்னு உனக்குத் தெரியலையாமே?”

“நான் இருக்கேன். அது உறுதி” என்றது குரல். பிறகு மரியாதையாக, “நீங்க யாரு?” என்று கேட்டது.

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். பேராச்சி எழுந்து நின்றாள். “யாரா? நான் யாரா? கொய்யா மரத்துல ஏறாதலேன்னா கேக்காம ஏறி, விழுந்து, முட்டங்காலைப் பொத்துக்கிட்டு, ஒப்பாரி வச்சவனை இடுப்புல தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடினவ நானு! என் தீபாவளிப் பாவாடை பூரா உன் ரத்தம்லா! புளியங்கொட்டை கணக்கா அந்தத் தழும்பு இருக்குமே, அதைக் கேளு நான் யாருன்னு!”

நாற்காலியில், வேட்டி மடிப்புக்குள் மெல்ல ஓர் அசைவு தெரிந்தது. ஒரு முட்டங்கால் வந்திருந்தது, புளியங்கொட்டைத் தழும்போடு.

“ஆங், இதுதான்” என்றாள் பேராச்சி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “இதுக்குத்தான் அம்மைகிட்ட நான் அடி வாங்கினேன்.”

செண்பகவல்லிக்குச் சட்டென்று புரிந்தது. அவர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சந்தேகப்பட்டு ஒழித்துவிட்டார், சரி. ஆனால் பேராச்சிக்குத் தெரிந்தது பேராச்சி பெட்டியில் இருக்கிற சாமான், அதில் அவர் எப்படிக் கை வைக்க முடியும். அன்று சாயங்காலமே இசக்கியம்மாவைப் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பினாள்: சாரைப் பற்றி யாருக்கு என்ன தெரியுமோ வந்து நேரில் சொல்லுங்கள்.

முத்தாலங்குளத்தில் ஒருவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் தலையைச் சொறிவார்கள். குறை சொல்லலாம் என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார்கள். வந்தார்கள். முடிவெட்டுகிற சுடலை, “ரெட்டைச் சுழி சார் உங்களுக்கு, எந்தப் பக்கம் சீவினாலும் நிக்காது, வெட்டி முடிச்ச பெறகு கண்ணாடியைப் பாத்து ‘என்னவே இது’ம்பீங்க” என்றார், பின்னந்தலை வந்தது. பஸ் கண்டக்டர் மகராசன், “ஒன்பதாம் வாய்ப்பாடு வரலைன்னு என் காதைத் திருகினீங்க பாருங்க, இன்னும் விசில் அடிச்சா இந்தக் காதுல சரியா கேக்காது” என்றான். வலது கை வந்தது, அவன் நினைவில் இருந்தபடியே இரண்டு மடங்கு பெரிதாக, இளமையாக, சாக்பீஸ் தூளோடு. அவன் பயந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான். டெய்லர் சொன்ன சொல்லுக்கு மார்பும் வயிறும் வந்தன. ஆனால் அவர் கடைசியாக அளவெடுத்தது எப்போதோ, அதனால் தொப்பை இல்லாமல் வந்தது, அதை யாரும் திருத்தச் சொல்லவில்லை. இசக்கியம்மா, “செருப்பை எப்பவும் எங்க வாசல்ல கோணல்மாணலா விட்டுட்டுப் போவாவ” என்றாள். பாதங்கள் கோணலாகவே வந்து தரையில் படிந்தன. முகத்தைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், மூக்கில் மட்டும் மூன்று கட்சி. கடைசியில் வந்த முகம் நேராகப் பார்த்தால் தெளிவாகவும் ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் கலங்கியும் தெரிந்தது. “முன்னைக்கு இப்ப லட்சணமாத்தான் இருக்காவ” என்றாள் இசக்கியம்மா.

கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சாரும் அதைக் கவனித்ததாகத் தெரிந்தது.

(இந்த ஆரவாரத்தில் யாரோ ஒரு வாயாடி, “தெருமுக்குல என்னமா ஒரு குப்பைமேடு இருந்துச்சு” என்று பேச்சுவாக்கில் சொல்லிவைக்க, அதுவும் திரும்பி வந்துவிட்டது. ஊராட்சி பலகையை மட்டும் எடுக்கவில்லை.)

இடது கை வரவில்லை. எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். அடித்தது வலது கை, எழுதியது வலது கை, சாப்பிட்டது, கையெழுத்துப் போட்டது, விபூதி பூசியது எல்லாம் வலது கை. இடது கையைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. பேராச்சி கூட விரலை மடக்கி மடக்கி யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “நல்ல காரியத்துக்கு ஒத்தைக் கை ஆகாதே மைனி” என்றாள் செண்பகவல்லி. “ஆகாதுதான். நீதான கூட வாழ்ந்தவ, நீ சொல்லேன்” என்றாள் பேராச்சி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், வீடு நிறைய ஆட்கள், கொல்லையில் தவலையில் பாயசத்துக்குப் பால் கொதிக்கிறது. செண்பகவல்லி தாம்பூலத்துக்கு வெற்றிலை துடைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சட்டையின் இடது கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் யோசித்தாள். பொய் கலக்காமல் யோசித்தாள். அந்தக் கை அவளுக்கு என்ன செய்தது? பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்தது. செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தது. உலகம்மை பிறந்தபோது அந்தக் கை எங்கே இருந்தது? தூத்துக்குடியில், விடைத்தாள் திருத்துகிற முகாமில், ஊரார் பிள்ளைகளின் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக அழுகிற மற்ற பெண்களோடு தானும் அழுது, பெற்றாள். முகாம் முடிந்து அவர் மிக்சர் பொட்டலமும் ஒரு பாட்டில் சத்து மாவும் வாங்கிக்கொண்டு வந்து, “அவசரத்துல லீவு தர மாட்டேன்னுட்டான்” என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லவில்லை.

நெஞ்சுக்குள் ‘முத்தாலம்மா, இதை என் கணக்குல எழுதிக்கோ, அவரு கணக்குல வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டாள். பிறகு வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

“உலகம்மை பொறந்தப்ப” என்றாள், அவரைப் பார்க்காமல், “எனக்கு வலி தாங்க முடியல. செத்துருவேன்னு நினைச்சேன். நீங்க முகாமை விட்டுட்டு ஓடி வந்தீங்க. நர்சம்மா வையுததைக் கேக்காம உள்ள வந்து கட்டில் பக்கத்துல நின்னீங்க. வலது கையில பை இருந்துச்சு, கீழ வைக்கக்கூடத் தோணல உங்களுக்கு. இடது கையாலதான் என் நெத்தியைத் தடவிக்கிட்டே இருந்தீங்க. புள்ள அழுத சத்தம் கேக்குத வரைக்கும் எடுக்கல.”

வீட்டுக்குள் யாரோ வாழையிலைக் கட்டைத் தொப்பென்று போட்டார்கள். சட்டையின் இடது கை ஆடுவது நின்றது. வலது கை ஊரே பார்க்க ஒரே மூச்சில் வந்தது. இது அப்படி வரவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு, விரல் விரலாக, இங்கே வரலாமா என்று கேட்பதுபோல வந்தது, வந்து, அவள் உச்சியில், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையில், கொஞ்ச நேரம் இருந்தது. அவள் அசையவில்லை. அசைந்தால் வெற்றிலை கலைந்துவிடும் என்று வைத்துக்கொண்டாள்.

ஆவணி முகூர்த்தத்தில் அவர் மணமேடையில் நின்றார். வேட்டி நன்றாக இருந்தது, தொப்பை இல்லாததால் இன்னும் நன்றாக இருந்தது. சம்பந்தி வீட்டார் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, உடனே நேராகப் பார்த்துக்கொண்டார்கள். சித்தியை யாரோ பந்திக்கு அனுப்பினார்கள். செண்பகவல்லி நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறைய மல்லிகையுமாகச் செம்பைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் இரண்டு கையையும் ஏந்தினார். வலது கை பெரிதாக, விறைப்பாக இருந்தது. இடது கை அதன் பக்கத்தில் சிறிதாக ஒட்டிக்கொண்டது. உலகம்மை தன் கையை அதில் வைத்தாள். அவர் குனிந்து, நாதஸ்வரச் சத்தத்துக்கு அடியில், மனைவிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அன்னைக்கு நீ ரொம்ப பயந்துட்ட என்ன, செம்பகம்?” என்றார். “எனக்கு அந்த ஒண்ணு மட்டும் உறுதியாத் தெரியுது. மத்ததெல்லாம் அவங்க சொன்னது.”

அவள் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி அறையை நினைத்துப் பார்த்தாள்; சுற்றாத மின்விசிறி, பச்சைச் சுவர், கைக்குள் சில்லென்ற இரும்பு, நெற்றியில் ஒரு கை. கை எப்போது வந்தது அங்கே? நேற்று வைத்ததா, அன்றே இருந்ததா, நாம்தான் கோபத்தில் இத்தனை காலம் எடுத்து மறைத்து வைத்திருந்தோமா? ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நொடி தோன்றியது.

“ம், தண்ணியை வாருங்கம்மா, நேரமாச்சு” என்றார் மந்திரம் சொல்கிறவர்.

இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆமா, ரொம்பப் பயந்துட்டேன்” என்று சொல்லி, செண்பகவல்லி செம்பைச் சரித்தாள்.